கடோத்கசன் செத்தபோது கண்ணன் ஏன் ஆடினான்?

கேள்வி இதுதான். புராணங்களில் வரும் அரக்கர், அசுரர் எல்லோரும் சமூகம் வெளியே தள்ளிவைத்த மக்களின் அடையாளம்தான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இன்றைய அரசியலைக் கொண்டுபோய்ப் பழைய கதையின் தலையில் கட்டாதீர்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி? கூடவே, இராவணன் திராவிடன் என்ற வாதத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

முதல் தரப்பு சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் அதைத் தேடுகிற இடம் சரியில்லை. கறுப்பு நிறம், கோரைப் பல், செம்பட்டை முடி என்று உருவ வர்ணனையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கள், இது காட்டு மக்களைத்தான் சொல்கிறது" என்கிறார்கள். பயமுறுத்துகிற உருவம் எந்த நாட்டுக் கதையிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது. நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். அரக்கன் சாகும்போது கதைக்குள் யார் அழுகிறார்கள்? செத்த பிறகோ பணிந்த பிறகோ கதை அவனுக்கு எந்த இடத்தைக் கொடுக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தேட மகாபாரதம் ஒன்றே போதும். அதிலும் பீமனின் அரக்க மகன் கடோத்கசன் ஒருவனே போதும்.

சினிமா வழியாக அவனை நமக்கு விருந்துச் சோற்றை ஒரே மூச்சில் விழுங்கும் வேடிக்கை மனிதனாகத்தான் தெரியும். மூல பாரதத்தில் அவன் கதை அப்படி இல்லை. அதை அரக்கு மாளிகையிலிருந்து தொடங்க வேண்டும்.

வாரணாவதத்தில் பாண்டவர்களை எரித்துக்கொல்லத் திட்டம் போட்டாயிற்று, சுரங்கமும் தோண்டியாயிற்று. தப்பிக்கிற அன்று குந்தி ஒரு விருந்து வைக்கிறாள். சோற்றுக்காக நிஷாதப் பெண் ஒருத்தி, வேடர் குலத்தவள், தன் ஐந்து மகன்களோடு வருகிறாள். குடித்துவிட்டு ஆறு பேரும் அங்கேயே நினைவில்லாமல் தூங்கிவிடுகிறார்கள். பீமன் தீ வைக்கிறான். மறுநாள் சாம்பலில் ஒரு தாய், ஐந்து மகன்கள் என்று ஆறு உடல்கள் கிடைக்கின்றன. ஊர் கூடி அழுகிறது. ஆனால் அழுவது குந்திக்காகவும் பாண்டவர்களுக்காகவும். அந்த நிஷாதப் பெண்ணுக்குக் காவியத்தில் பெயர்கூட இல்லை. அவள் பிள்ளைகளுக்காக ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை. மானுடவியலாளர் ஐராவதி கார்வே இந்த இடத்தைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகுதான் பலர் இதை நின்று கவனித்தார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு அடுத்த காட்சியிலேயே அரக்கர்கள் வருகிறார்கள். கங்கையைத் தாண்டிக் காட்டுக்குள் போகிறார்கள் பாண்டவர்கள். அது இடும்பன் என்ற அரக்கனின் காடு. மனித வாசனை பிடித்து, கொன்று கொண்டுவா என்று தங்கை இடும்பியை அனுப்புகிறான். அவள் போன இடத்தில் பீமனைப் பார்த்து மயங்கி, அண்ணனைப் பற்றி எச்சரிக்கிறாள், எல்லோரையும் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறேன் என்கிறாள். பீமன் அண்ணனைக் கொல்கிறான். அதோடு நில்லாமல், அரக்கர்கள் பகை மறக்காதவர்கள், நீயும் உன் அண்ணன் போன வழியே போ என்று அவளையும் கொல்லப் பார்க்கிறான். தருமன்தான் தடுக்கிறான்.

அப்புறம் நடப்பது ஒரு கல்யாணம் என்று சொல்லலாமா தெரியவில்லை, ஒரு ஒப்பந்தம் என்றுதான் சொல்ல வேண்டும். பகலில் பீமன் அவளோடு இருக்கலாம். பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். ஒரு மகன் பிறக்கும் வரைதான் இதெல்லாம். கடோத்கசன் பிறந்ததும் இடும்பி தன் வழியே போய்விடுகிறாள். பின்னால் இந்திரப்பிரஸ்தம் கட்டியபோது திரௌபதிக்கும் சுபத்திரைக்கும் அரண்மனை கிடைக்கிறது, இடும்பிக்குக் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையிடம் குந்தி சொல்வது இன்னும் கவனிக்க வேண்டியது. நீ குரு குலத்தில் பிறந்தவன், ஐவருக்கும் மூத்த மகன் நீதான், அதனால் எங்களுக்கு உதவி செய் என்கிறாள். மூத்த மகன் என்றால் அரசுரிமை பற்றிய பேச்சு வர வேண்டுமே? வரவில்லை. மூத்தவன் என்ற சொந்தம் உதவிக்கு மட்டும்தான்.

அவனும் சொன்ன சொல் தவறவில்லை. வனவாசத்தில் மலை ஏற முடியாமல் திரௌபதி மயங்கி விழுந்தபோது, பீமன் நினைத்ததும் வந்து நின்று அவளைத் தூக்கிச் சுமந்தவன் கடோத்கசன். குருக்ஷேத்திரத்தில் பதினாலாம் நாள் போர் இரவிலும் நீள்கிறது. இருட்டில் அரக்கர்களுக்குப் பலம் கூடும். கண்ணன் அவனைக் கர்ணன் மேல் ஏவுகிறான். கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒன்று இருக்கிறது. ஒருமுறைதான் எறியலாம், அதை அர்ச்சுனனுக்காக வைத்திருக்கிறான். கௌரவப் படை தாங்க முடியாமல் அலற, வேறு வழியில்லாமல் கடோத்கசன் மேல் எறிகிறான். சாகும்போதும் கடோத்கசன் உடலைப் பெரிதாக்கி எதிரிப் படை மேலேயே விழுந்து ஒரு அக்குரோணிப் படையை நசுக்குகிறான்.

பாண்டவர் பக்கம் எல்லோரும் அழுகிறார்கள். கண்ணன் சிம்மநாதம் செய்து, அர்ச்சுனனைக் கட்டிப்பிடித்து, தேர்த்தட்டில் ஆடுகிறான்.

அர்ச்சுனனுக்கே பொறுக்கவில்லை. இது என்ன கொண்டாட்டம் என்று கேட்கிறான். கண்ணன் சொல்லும் முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: சக்தி ஆயுதம் போய்விட்டது, இனி நீ பிழைத்தாய். இதோடு நிறுத்தியிருந்தால் போர்த்தந்திரம் என்று விட்டுவிடலாம். அவன் மேலே பேசுகிறான். கர்ணன் இவனைக் கொன்றிராவிட்டால் நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும், இவன் பிராமணர்களையும் வேள்விகளையும் வெறுப்பவன், தருமத்தை அழிப்பவன், உங்களுக்கு நல்லது செய்ய நினைத்துத்தான் இத்தனை நாள் விட்டுவைத்தேன் என்கிறான். கடோத்கசன் எந்த வேள்வியைக் கெடுத்தான் என்று தேடிப் பாருங்கள். கதையில் ஒன்றும் சிக்காது. தவறு எதுவும் செய்ததாகச் சொல்லாமலே பிறப்பை வைத்து ஒரு குற்றப்பத்திரிகை தயாராகிறது. அதுவும் பயன் தீர்ந்த பிறகு.

கண்ணன் ஒரு பட்டியலும் தருகிறான். உங்கள் நன்மைக்காக ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டப்பட்டவர்கள் என்று ஜராசந்தனையும் சிசுபாலனையும் சொல்கிறான். அதே மூச்சில் நிஷாதனான ஏகலைவனையும், இடும்பன், கிர்மீரன், பகன் என்ற அரக்கர்களையும் சொல்கிறான். ஏகலைவன் கட்டைவிரல் போனதும் உன் நன்மைக்குத்தான் என்கிறான். வேடனும் அரக்கனும் ஒரே பட்டியலில் வருவதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. "பிற்கால அரசியல் வாசிப்பு" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தப் பட்டியல்தான். இது துரோண பருவத்திலேயே இருக்கிறது, யாரும் இப்போது எழுதிச் சேர்க்கவில்லை.

ஆனால் காவியம் அங்கே முடித்துவிடுவதில்லை. அதுதான் வியாசனின் பெருமை என்பேன். தருமன் கண்ணனின் விளக்கத்தைக் கேட்டு ஆறுதல் அடைவதில்லை. காட்டில் எங்களைச் சுமந்தவன் அவன், சகதேவன் மேல் எனக்குள்ள அன்பைப் போல இரண்டு மடங்கு அவன் மேல் இருந்தது என்று சொல்லி, தானே கர்ணனைக் கொல்லக் கிளம்பிவிடுகிறான். வியாசரே நேரில் வந்து தடுக்க வேண்டியிருக்கிறது. முந்தின நாள் அபிமன்யு செத்தபோது அர்ச்சுனன் சபதம் போட்டு, அடுத்த பொழுது சாய்வதற்குள் அந்தச் சாவுக்குக் காரணமான சயத்ரதன் தலை விழுந்தது. கடோத்கசனுக்காக யாரும் சபதம் போடவில்லை. இரண்டு பேரும் பாண்டவரின் பிள்ளைகள், அடுத்தடுத்த நாளில் செத்தவர்கள். ஒரு சாவு காவியத்தின் பெருந்துயரம். இன்னொன்றுக்குத் தருமனின் புலம்பல் மட்டும்.

காண்டவ வனத்திலும் இதே கணக்குதான். அக்னிக்குப் பசி என்ற பெயரில் காட்டைச் சுற்றி வளைத்துக் கொளுத்துகிறார்கள். தப்பி ஓடுகிற நாகங்களையும் அசுரர்களையும் விலங்குகளையும் கண்ணனும் அர்ச்சுனனும் எல்லையில் நின்று கொல்கிறார்கள். ஆறு உயிர்தான் எரியாமல் மிஞ்சின என்று காவியமே எண்ணிச் சொல்கிறது. அசுவசேனன் என்ற நாகம், மயன் என்ற அசுரன், நான்கு சாரங்கப் பறவைக் குஞ்சுகள். அந்தக் குஞ்சுகளுக்குத் தகப்பன் ஒரு முனிவர். மயன் கட்டடக் கலைஞன், அடைக்கலம் கேட்டவன், அடுத்த பருவத்தில் பாண்டவருக்குச் சபா மண்டபம் கட்டித் தருகிறான். அசுவசேனனைத் தாய் தன் உயிரைக் கொடுத்து வெளியேற்றுகிறாள், இந்திரனும் காற்றை எழுப்பி அர்ச்சுனனை மயக்கி அவன் தப்ப உதவுகிறான். வேலை தெரிந்த அந்நியனுக்கு உயிர் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்பது இதைவிட அப்பட்டமாக எங்கும் சொல்லப்பட்டதில்லை.

சரி, அப்படியென்றால் அரக்கர் எல்லோரும் ஏழை எளியவர்களின் உருவமா? அங்கேதான் முதல் தரப்பு சறுக்குகிறது. பகாசுரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏகசக்கர நகரத்தில் வண்டி நிறையச் சோறு, இரண்டு எருமை, கூடவே ஒரு ஆள் என்று முறைவைத்து வாங்கித் தின்கிறவன். பாண்டவர் தங்கியிருந்த வீட்டுப் பிராமணர் சொல்வதைக் கவனமாகப் படித்தால் வேறு ஒரு சித்திரம் கிடைக்கும். அந்த நாட்டு அரசன் கையாலாகாதவன், வெளிப் பகையிலிருந்து ஊரைக் காப்பது பகன்தான், சோறும் ஆளும் அதற்கான கூலி. இது வரி வாங்குகிற வட்டார அதிகாரி ஒருவனின் சித்திரம். இங்கே அஞ்சி நடுங்குகிறவர்கள் ஊருக்குள் இருப்பவர்கள். அரக்கன் என்ற அச்சு விலக்கப்பட்டவனுக்கும் பொருந்தும், அடக்குகிறவனுக்கும் பொருந்தும். பிரம்மராட்சசன் என்று ஒரு வகையே இருக்கிறது, நெறி தவறிய பிராமணன் செத்துப் பேயாவது. விருத்திரன் என்ற அசுரனைக் கொன்ற இந்திரனைப் பிரம்மஹத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம், துரத்துகிறது. ஆகவே, அரக்கன் என்றாலே தாழ்த்தப்பட்டவன் என்று சமன்பாடு போட முடியாது.

கிரேக்கக் கதை ஒன்று இதற்குத் துணை நிற்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒடிசியின் ஒன்பதாம் காண்டத்தில் ஒற்றைக்கண் பூதங்களான சைக்ளோப்ஸ்களை அறிமுகம் செய்யும்போது, கண்ணைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்கிறான் ஒடிசியஸ்: அவர்களுக்கு ஊர்ச்சபை கிடையாது, பொதுச் சட்டம் கிடையாது, உழுவதில்லை, கப்பல் கட்டத் தெரியாது. எதிரே ஒரு தீவு சும்மா கிடக்கிறதே, நல்ல மண், நல்ல துறைமுகம், திராட்சை போடலாமே என்று அளந்து பார்க்கிறான். கிரேக்கர்கள் கிமு எட்டாம் நூற்றாண்டில் சிசிலி வரை போய்க் குடியேறிய காலத்தை ஒட்டிய கதை இது. பேசுவது குடியேற வந்தவனின் கண். வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் குகைக்குள் புகுந்து பாலாடைக்கட்டியைத் தின்றவர்கள் ஒடிசியஸும் அவன் ஆட்களும்தான் என்பதையும் ஹோமர் மறைக்கவில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அரக்கனுக்கு எங்கே இடம் கிடைக்கிறது? காவியம் கைவிட்டவர்களை ஊர்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. மணாலியில் துங்ரி தேவதாரு மரங்களுக்கு நடுவே இடும்பிக்கு ஒரு மரக்கோயில் இருக்கிறது, 1553இல் ராஜா பகதூர் சிங் கட்டியது. குலு அரச குடும்பத்துக்கு அவள் பாட்டி முறை. அந்த வம்சத்தின் முதல் அரசனுக்கு நாட்டைக் கொடுத்ததே அவள்தான் என்பது அங்குள்ள நம்பிக்கை. குலு தசரா அவள் பல்லக்கு வந்து சேராமல் தொடங்காது. இந்திரப்பிரஸ்தத்தில் வாசற்படி மிதிக்காத மருமகள், இமயமலையில் ஒரு அரசகுலத்துக்கே மூத்தவள்.

பழநியில் வேறு மாதிரி. (பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த இடும்பன் ஆள் வேறு.) அகத்தியர் சொல்லி சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாகத் தூக்கிவந்த அசுரன், முருகனோடு மோதிச் செத்து, மறுபடி உயிர் பெறுகிறான். கிடைத்த இடம் மலைப் படிக்கட்டின் வழியில். அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது மரபு. சூரபத்மனுக்கு மயிலும் சேவலுமாக, வாகனத்திலும் கொடியிலும் இடம். பழைய கதைகள் அந்நியனுக்குத் தருகிற பதவிகள் பெரும்பாலும் இவைதான்: காவல், சுமை, வாகனம். மரியாதை உண்டு, ஆனால் கருவறைக்கு வெளியே.

இந்த வரிசையில் அரவானையும் சேர்க்காமல் இருக்க முடியாது. அவன் அரக்கன் இல்லை, நாகக் கன்னி உலூபிக்கு அர்ச்சுனன் மூலம் பிறந்தவன். வடமொழியில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழ்ப் பாரத மரபில் போருக்கு முன்பே களப்பலி ஆகிறான். பலிக்கு வேண்டிய சாமுத்திரிகா லட்சணம் (உடல் இலக்கணம்) முப்பத்திரண்டும் பொருந்தியவர்கள் கண்ணன், அர்ச்சுனன், அரவான் மூன்று பேர்தான், முதல் இருவரும் போருக்கு வேண்டும். மிச்சம் யார்? காட்டுத் தாய்க்குப் பிறந்த பிள்ளை. கடோத்கசனுக்கு நடந்ததேதான். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். அரவானுக்கு அழ ஆள் இருக்கிறது. ஊர் ஒதுக்கிவைத்தவர்களே அந்த வேலையை எடுத்துக்கொண்டதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஜார்க்கண்டில் நேதர்ஹாட் பீடபூமிப் பக்கம் அசுர் என்றே பெயர் கொண்ட பழங்குடி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கியவர்கள். தங்களை மகிஷாசுரனின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அவர்களில் உண்டு. ஊரெல்லாம் துர்க்கை பூஜை கொண்டாடும் நாட்களில் அவர்கள் வீடுகளில் துக்கம். அடையாள வாதத்துக்கு இது பலமான ஆதாரம் என்று இதைக் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் முண்டா பழங்குடியின் கதையையும் கேட்க வேண்டும். அதில் அசுரர்கள் இரவும் பகலும் உலை ஊதி இரும்பு உருக்குகிறார்கள். சூடு தாங்காமல் முண்டாக்களின் பெருந்தெய்வம் சிங்போங்கா பறவைகளைத் தூது விடுகிறார். அசுரர்கள் மதிக்கவில்லை. சிங்போங்கா உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த பையனாக வந்து, பொன் கிடைக்கும் என்று ஆசை காட்டி அசுர ஆண்களை உலைக்குள் இறங்க வைக்கிறார். அவர்கள் மனைவிமாரையே துருத்தி ஊத வைத்து எரித்துக் கொல்கிறார். விதவையான பெண்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, உதறி எறிகிறார். விழுந்த மலையிலும் காட்டிலும் நீரிலும் அவர்கள் ஆவிகளாகத் தங்குகிறார்கள். பழங்குடியே பக்கத்துப் பழங்குடியை அரக்கனாக்கிய கதை இது. ஆரியர், திராவிடர் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டால் இந்தக் கதையை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கடைசியாக இராவணன். அவனைத் திராவிட வீரனாகப் பார்க்கும் வாசிப்புக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. பெரியார் இராமாயணத்தை ஆரிய திராவிடப் போராட்டமாகப் படித்தார். புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட இராவண காவியத்தை 1948இல் அரசு தடை செய்தது, தடை 1971இல்தான் நீங்கியது. அரசியல் ஆயுதமாக அது செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விலக்கப்பட்டவனின் உருவம் எது என்று கேட்டால் இராவணன் சரியான உதாரணம் இல்லை. அவன் புலஸ்தியரின் பேரன், வேதம் ஓதியவன், வீட்டில் அக்னி வளர்த்தவன். வால்மீகியில் மண்டோதரி நீளமாகப் புலம்புகிறாள், இராமனே வீடணனிடம் இறுதிச் சடங்கைச் செய்யச் சொல்கிறான், வேத முறைப்படி தகனம் நடக்கிறது. கொன்ற பாவம் தீர இராமன் லிங்கம் வைத்து வழிபட்டான் என்று இராமேஸ்வரம் தலபுராணம் சொல்கிறது. இதே இராமாயணத்தில் தண்டகாரணியத்தின் தொடக்கத்திலேயே விராதன் என்ற அரக்கன் வருகிறான். கைகளை வெட்டிப் போட்டும் சாகாதவனை, குழி தோண்டிப் புதைக்கிறார்கள். செத்த அரக்கரைக் குழியில் புதைப்பது எங்கள் பழைய வழக்கம் என்று அவனே கேட்டுக்கொள்கிறான். சாபத்தால் அரக்கனான கந்தர்வன் என்று ஒரு முன்கதை அவனுக்கும் உண்டு. ஆனால் அந்தக் குழிக்குப் பக்கத்தில் அழ யாரும் இல்லை, கொன்றவர்கள் எந்தப் பரிகாரமும் செய்யவில்லை. உங்கள் கேள்விக்கு இராவணனைவிட விராதனிடம்தான் அதிகம் கிடைக்கும்.